கட்டற்ற மென்பொருளும் வரிவிலக்கும்

(பழைய மாணவன் ஒருவன், வஹகோட்டை)

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, மாணவப் பருவ நினைவுகளை எழுத என்னிலும் வல்லார் பலர் உளர் என எண்ணி, என் தொழிலோடு ஒட்டிய பொருளொன்றையே தெரிந்துகொண்டேன். கணக்காய்வாளனாக நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றபின், மாத்தளையிலிருந்து கலேவெல செல்லும் வழியிலுள்ள வஹகோட்டையில் வாழ்ந்து வருகின்றேன். புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடெங்கும் பெயர்பெற்ற ஊர் இது. யூன் மாதத் திருவிழாவிற்கு ஒரு வாரம் இருக்கையில் இரு இளைஞர் என் வீட்டுக்கு வந்தனர். ஒருவர் நமது கல்லூரியிற் கற்றவர். மற்றவர் இவ்வூர்ச் சிங்கள இளைஞர்.

இருவரும் சேர்ந்து பாடசாலை நூலகங்களுக்கென ஒரு கணினி நிரலை ஆக்கியிருந்தனர். தமிழிலும் சிங்களத்திலும் நூற்பட்டியலைப் பதியவும், யார் எந்நூலை எடுத்துச் சென்றார் எனக் குறித்துவைக்கவும் அது உதவும். எவரும் அதனை விலையின்றிப் பெறலாம்; திருத்தலாம்; பிறர்க்கு வழங்கலாம். வெளிநாட்டிலுள்ள அன்பர் ஒருவர் இம்முயற்சியைப் பாராட்டிப் பணம் அனுப்ப முன்வந்தார். அவர்கள் சென்ற வங்கியிற் சங்கத்தின் பதிவுப் பத்திரத்தைக் கேட்டனர். சங்கமே இல்லாதபோது பத்திரம் எங்கிருந்து வரும்? ஈற்றில் நம் மாணவரின் சொந்தக் கணக்கிற்கே பணம் வந்து சேர்ந்தது. அது அவரது வருமானமா, அன்றா என்பதே அவர்கள் கொண்டுவந்த கேள்வி.

“ஐயா, ஒரு சங்கம் அமைத்தால் இந்தச் சிக்கல் தீருமா? தீருமானால் எந்தச் சட்டத்தின்கீழ் அமைப்பது?” என்று கேட்டனர். ஒரு மணி நேரத்தில் விடை கூறிவிடலாம் என்றே நினைத்தேன். ஆறு மாதம் சென்றது. அவ்வாறு மாதத்தில் நான் கற்றவற்றுட் சிலவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் யாதென முதலிற் கூறல் வேண்டும். 1983 இல் ஐக்கிய அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்டோல்மன் என்பார் தொடக்கிய இயக்கம் இது. 1985 இல் அவரே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். ஒரு நிரலை எந்நோக்கத்துக்கும் இயக்கும் உரிமை, அதன் மூலநிரலைப் படித்து மாற்றும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை, மாற்றியதையும் வழங்கும் உரிமை என நான்கு உரிமைகளை அவ்வியக்கத்தார் வகுத்தனர். விலையின்மை இதன் இலக்கணம் அன்று, உரிமையே இலக்கணம். ஏட்டுச் சுவடியைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்த நம் முன்னோர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது. படியெடுப்பதால் மூலம் குறைவதில்லை அன்றோ!

இந்நான்கனுள் முதலாவதை வாசகர் நினைவிற் கொள்க. “எந்நோக்கத்துக்கும்” என்னும் அச்சொல்லே பின்னர் வரும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் வேராக நிற்கின்றது.

நிரலை எழுதச் சங்கம் வேண்டியதில்லை. இருவர் கூடி எழுதலாம், ஒருவரே எழுதலாம். ஆயின் அது வளர்ந்து பலர் கைப்படும்போது சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படும் ஓர் ஆள் தேவைப்படுகின்றது. பதிப்புரிமை யார் பெயரில் இருப்பது? இணைய முகவரிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது யார்? வழக்கொன்று வந்தால் எதிராளி யார்? பதிவு பெறாத கூட்டத்துக்குத் தன் பெயரிற் சொத்து வைத்திருக்கும் ஆற்றல் இல்லை. எல்லாம் ஒருவர் பெயரில் இருக்க, அவர் வெளிநாடு சென்றுவிட்டாலோ காலமாகிவிட்டாலோ அத்தனையும் அவர் குடும்பத்தாரின் பொறுப்பாகிவிடும். அவர்களுக்கோ மறைசொல்லும் தெரியாது, இப்பணியின் பயனும் தெரியாது.

இலங்கையிற் சங்கம் அமைக்க வழிகள் சில உள. 1891 ஆம் ஆண்டின் சங்கங்கள் கட்டளைச்சட்டம் ஒன்று. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் மற்றொன்று. பாராளுமன்றத்திலே தனிச் சட்டமூலம் கொணர்ந்து கூட்டிணைத்துக்கொள்ளலும் ஆகும். அதற்கு உறுப்பினர் ஒருவரின் தயவு வேண்டும். பொதுவாக எல்லோரும் முதலில் நாடுவது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தையே. அச்சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். உளவளர்ச்சி குன்றியோர், அங்கவீனர், வறியோர், நோயாளர், அநாதைகள், ஆதரவற்றோர் ஆகியோர்க்கு வேண்டிய சேவைகளும், பேரிடர்க் காலத்தில் அல்லலுறுவோர்க்கு உதவியுமே அங்கு நோக்கங்களாகக் கூறப்பட்டுள்ளன. நூலகப் பட்டியல் நிரல் இவற்றுள் எதன்பாற்படும்? நான் பலவாறு முயன்றும் பொருத்த இயலவில்லை.

எஞ்சியது கம்பனி வழி. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ், பங்கு முதல் இன்றி, உறுப்பினரின் உத்தரவாதத்தால் மட்டும் வரையறுக்கப்பட்ட கம்பனியை அமைக்கலாம். கம்பனி கலைக்கப்படுமாயின் குறித்த தொகையொன்றைச் செலுத்துவதாக உறுப்பினர் வாக்களிப்பர். இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளல் ஆகாது. கலை, விஞ்ஞானம், சமயம், தருமம் முதலியவற்றோடு “வேறெந்தப் பயனுள்ள நோக்கமும்” அங்கு இடம்பெறுகின்றமையின் மென்பொருட் சங்கத்துக்கு இது பொருந்தும். ஆயினும் ஆண்டுதோறும் கணக்காய்வு, பதிவாளருக்கு அறிக்கை எனச் செலவு தொடரும். மாதம் சில ஆயிரம் ரூபா நன்கொடை பெறும் இரு இளைஞர்க்கு அச்செலவே பெரிது. கணக்காய்வாளனாகிய நானே இதனைக் கூறுகின்றேன்.

இனி வரிக்கு வருவோம். இலாபம் பங்கிடாத சங்கமாயின் வரியும் இல்லை எனப் பலர் நினைக்கின்றனர். அது பிழை. சங்கத்தின் அமைப்பு வேறு. சட்டம் அதனைத் தருமமென ஒப்புக்கொள்வது வேறு.

தருமம் எது என்னும் கேள்விக்கு ஆங்கிலச் சட்டம் 1601 ஆம் ஆண்டில் எலிசபெத் அரசி காலத்துச் சட்டத்திலிருந்து விடை தேடி வந்திருக்கின்றது. 1891 இல் பெம்செல் என்பாரின் வழக்கிற் பிரபுக்கள் சபை அதனை நான்கு வகையாகத் தொகுத்தது: வறுமை நீக்கல், கல்வி வளர்த்தல், சமயம் வளர்த்தல், சமூகத்துக்கு நன்மை பயக்கும் பிற நோக்கங்கள். நமது 1917 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் 99 ஆம் பிரிவும் இவ்வழியிற் செல்வதே. அதன் நான்காம் வகை மனிதகுலத்துக்கு நன்மை தருவன என்று மிக விரிந்த சொற்களால் அமைந்துள்ளது. படிக்கும்போது, கட்டற்ற மென்பொருள் இதனுள் அடங்காதுபோமோ என்றே தோன்றும். ஆனால் நடைமுறையில் அதிகாரி கேட்கும் முதற் கேள்வி, “யாருக்குக் கொடுக்கிறீர்கள்?” என்பதே.

இக்கேள்வியால் வீழ்ந்த சங்கமொன்றன் வரலாற்றைக் கூறுகின்றேன். ஐக்கிய அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் யோர்பா என்னும் பெயருடைய சிறு சங்கம் இருந்தது. ஒளிப்படங்களை ஒழுங்குபடுத்தும் ஷொட்வெல், மின்னஞ்சலுக்கான ஜியரி முதலிய நிரல்களை ஆக்கி எல்லார்க்கும் வழங்கியது. 2009 டிசெம்பரில் அந்நாட்டு வருமானவரிச் சட்டத்தின் 501 (சி) (3) ஆம் பிரிவின்படி விலக்குக் கேட்டு விண்ணப்பித்தது. அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டு இறைவரிச் சேவையார் தனிக்கவனத்தோடு நோக்க வேண்டிய விண்ணப்பங்களுக்கென வைத்திருந்த பட்டியல்களிற் கட்டற்ற மென்பொருட் சங்கங்களும் இருந்தன என்பது 2013 இல் வெளியாயிற்று. யோர்பாவுக்கு விடை வந்தது 2014 மே மாதத்தில். நாலரை ஆண்டு கழித்து. விடை, மறுப்பு.

மறுப்புக்குக் கூறிய காரணமே நமக்கு முக்கியமானது. இந்நிரலை எவரும் பெறலாம், எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், வறியோர்க்கோ வேறொரு தரும வகுப்பினர்க்கோ இது வரையறுக்கப்படவில்லை, வணிகரும் பயன்படுத்தக்கூடும், மூலநிரலைப் படித்து ஒருவர் கற்றாலும் அது தற்செயலாக விளையும் பயனேயன்றிக் கல்விப்பணி ஆகாது என்றவாறு அது சென்றது. வேறு சொல்லிற் கூறுவதாயின், கட்டற்ற மென்பொருளின் இலக்கணம் எதுவோ அதுவே குற்றமாயிற்று. “வறியோர் மட்டும் பயன்படுத்துக” என உரிமத்தில் எழுதினால் அதிகாரி மகிழக்கூடும். அக்கணமே அது கட்டற்ற மென்பொருள் அன்றாகிவிடும். யோர்பா பின்னர்க் கலைந்தது. ஷொட்வெல்லை இன்றும் பலர் பயன்படுத்துகின்றனர்.

இதனை என் வீட்டு வாயிலிலிருந்தே நோக்கலாம். திருவிழாக் காலத்தில் இவ்வீதியோரத்தில் வெயிலில் நடந்துவரும் அடியார்க்குக் குளிர்நீர் வழங்குவர். கால்நடையாக வந்த ஏழையும் குடிப்பான். மோட்டார் வண்டியில் வந்து இறங்கிய வணிகனும் குடிப்பான். மாற்றுச் சமயத்தானும் குடிப்பான். தாகசாந்தி செய்வோர் எவரையும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. நமது கல்லூரியின் ஆய்வுகூடத்துக்குப் பழைய மாணவர் பொருளுதவினால், அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளை அமர்ந்து படிக்கலாமா என எந்த வரி அதிகாரியும் வினவியதில்லை. கல்வி என்னும் தலைப்புக்கு வறுமை ஒரு நிபந்தனை அன்று. ஆதலின் கொள்வோனைப் பிரித்தறியாத கொடை சட்டத்துக்குப் புதிதன்று. கணினி நிரல் என்னும் வடிவமே புதிது.

வணிகருக்கும் பயன்படுகின்றது என்னும் தடைக்கும் ஆங்கில வழக்கொன்றில் நல்ல விடை உண்டு. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் சட்ட அறிக்கைச் சபை தருமச் சபை ஆகுமா என்னும் வழக்கு 1971 இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தின்முன் வந்தது. அவ்வறிக்கைகளை வாங்குவோரிற் பெரும்பாலோர் வழக்கறிஞர். அவற்றைக் கொண்டு பொருளீட்டுவோர். அவ்வாறாயினும் சட்ட அறிவைப் பரப்புதல் பொதுநன்மையே எனக் கொண்டு அச்சபை தருமச் சபையே என நீதிபதிகள் தீர்த்தனர். வழக்கறிஞர் பயன்பெறுதல் அத்தருமத்தைக் கெடுக்கவில்லை. சட்ட அறிக்கைக்குப் பொருந்தும் நியாயம் மூலநிரலுக்கு ஏன் பொருந்தாது என என்னோடு தொழில்புரிந்த வழக்கறிஞர் நண்பரைக் கேட்டேன். “பொருந்தும், ஆனால் அதனை நிறுவ ஒருவர் வழக்காட வேண்டும், வழக்காடப் பணம் வேண்டும்” என்றார்.

அதிகாரிகளின் ஐயத்தில் நியாயமே இல்லை என நான் கூறமாட்டேன். பெருங் கம்பனிகள் தமக்கு வேண்டிய நிரலைப் பொதுவில் ஆக்கிச் செலவைப் பகிர்ந்துகொள்ளுதல் உண்டு. அவ்வாறு கம்பனிகள் பல உறுப்பினராயிருக்கும் லினக்ஸ் அறக்கட்டளை, தரும நிறுவனமாக அன்றி வணிகர் சங்கமாகவே, 501 (சி) (6) என்னும் வேறு பிரிவின்கீழ் அமைந்துள்ளது. அது நேர்மையான ஏற்பாடு. மொசில்லா அறக்கட்டளை 2003 இல் அமைந்தது. தேடுபொறி ஒப்பந்தத்தாற் பெரும்பணம் வரத் தொடங்கியதும் 2005 இல் வரி செலுத்தும் துணைக் கம்பனியொன்றை நிறுவியது. எனினும் முன்னைய வருமானம் பற்றி இறைவரிச் சேவையார் தொடுத்த விசாரணை 2012 வரை நீண்டு, 15 இலட்சம் டொலர் செலுத்தியதன்மேல் முடிந்தது. மொசில்லாவால் அதனைச் செலுத்த முடிந்தது. சிறு சங்கமாயின் விசாரணை தொடங்கிய அன்றே முடிந்திருக்கும்.

விலக்குப் பெற்றபின் தூங்கிவிடுவோரும் உளர். கணினித் திரையிற் சாளரங்களை வரையும் நிரலைப் பேணிய எக்ஸ் அறக்கட்டளை 2012 இல் விலக்குப் பெற்று, ஆண்டுப் படிவங்களை உரிய காலத்தில் அனுப்பாமையால் 2013 இல் அதனை இழந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் நிரலை எழுதத் தெரிந்தவர்க்குப் படிவம் நிரப்ப நேரமில்லாது போயிற்று! என் தொழிலில் இத்தகையோரைப் பலகாற் கண்டிருக்கின்றேன்.

நமது நாட்டுக்கு வருவோம். 2003 இற் கொழும்பிலே கலாநிதி சஞ்சீவ வீரவரண முதலியோரால் லங்கா மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. மறு ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபோது, காணாமற்போனோரைத் தேடவும், முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கில் வைக்கவும் தன்னார்வத் தொண்டர்கள் இரவு பகலாக ஒரு நிரலை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் “சகன” என்னும் சிங்களச் சொல்லே அதன் பெயராயிற்று. அது பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் பின்னர் ஹெயிற்றிக்கும் உதவியது. சமூகப் பயனுள்ள பணிக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006 ஆம் ஆண்டு விருதையும் பெற்றது. 2009 முதல் அந்நிரலுக்கு இல்லமாக அமைந்த சகனா மென்பொருள் அறக்கட்டளை கலிபோர்னியாவிற் பதிவுபெற்றதாகும்.

சகனா போன்ற நிரலை நம் சட்டம் ஒருவாறு காணும். பேரிடர் நிவாரணம் அதற்குத் தெரிந்த தருமம். அங்கும் இடர் இல்லாமலில்லை. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனம் மானியமாகவும் நன்கொடையாகவும் பெறும் பணத்தின் 3 சதவீதத்தை வருமானமெனக் கருதி வரி விதிக்கின்றது. இயற்றப்பட்டபோதிருந்த 28 சதவீத விகிதப்படி, ஓர் இலட்சம் ரூபா நன்கொடை வந்தால் 3,000 ரூபா வருமானமாகி, 840 ரூபா வரியாகும். தொகை சிறிதே. இடம்பெயர்ந்தோர் புனர்வாழ்வு, மனிதாபிமான நிவாரணம் ஆகியவற்றுக்குச் செலவிட்டால் ஆணையாளர் நாயகம் அதனைக் குறைக்கவோ நீக்கவோ கூடும். நூலகப் பட்டியல் எழுதுவோர்க்கு அச்சலுகை இல்லை.

இதனினும் பெரிய தடை கொடுப்போன் பக்கத்தில் உளது. அதே சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி, நோயாளரையும் தேவையுடையோரையும் நிலையத்தில் வைத்துப் பராமரிப்பதற்கென அமைந்து, அமைச்சரால் அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குக் கொடுத்தாலன்றித் தனியார் தரும நன்கொடைக்குக் கழிவு கிடையாது. அக்கழிவும் தனியாளுக்கு வருமானத்தின் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபா, இவற்றுட் குறைந்தது எதுவோ அதுவே. முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பவர் கழிவு பெறுவார். தமிழ்ச் சொற்பிழை திருத்தும் நிரலுக்குக் கொடுப்பவர் பெறார். முதியோர் இல்லத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒருமுறை எழுதி முடித்தால் நாட்டின் எல்லாப் பாடசாலைகளும் மேற்செலவின்றிப் பயன்படுத்தக்கூடிய ஒன்றைத் தருமம் என்னும் சொல்லுக்குள் அடக்க நம் சட்டம் இன்னும் கற்கவில்லை.

அயல்நாடாகிய இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் பொதுமக்களுக்குப் பயன்தரும் எந்நோக்கத்தையும் தருமமெனக் கொண்டது. அவ்வளவில் அது விரிந்த மனம் படைத்தது. ஆனால் அத்தகைய சங்கம் கட்டணம் பெற்றுச் சேவை செய்தால் தருமத்தன்மை போய்விடும் எனும் தடை 2008 இற் சேர்க்கப்பட்டது. 2015 இல் மொத்த வரவின் 20 சதவீதம் வரை அத்தகைய வருவாய் பொறுக்கப்பட்டது. நிரலை இலவசமாகக் கொடுத்து, அதனைப் பொருத்திக் கொடுப்பதற்கும் பயிற்சிக்கும் கட்டணம் பெற்று வாழ்வதே கட்டற்ற மென்பொருளார் பலரின் வழக்கம். அவர்களை இவ்வெல்லை நேரே தாக்கும்.

இத்தடைகளைக் கண்டு தொண்டர்கள் கண்டுபிடித்த வழி குடைச் சங்கம். விலக்குப் பெற்ற ஒரு பெருஞ் சங்கம் பல சிறு பணிகளைத் தன் குடைக்கீழ் ஏற்று, அவற்றின் நன்கொடையைத் தானே வாங்கிக் கணக்கு வைத்து, படிவங்களையும் தானே அனுப்பும். 1997 இல் அமைந்த பொதுநலன் கருதிய மென்பொருட் சங்கமும், 2006 இல் அமைந்த மென்பொருட் சுதந்திரப் பேணகமும் இவ்வகையின. முற்கூறிய எக்ஸ் அறக்கட்டளையும் 2016 இல் முன்னதன் குடைக்கீழ்ச் சேர முடிவு செய்தது. நமது மண்ணிலே இத்தகைய குடையொன்று இருப்பின் எத்துணை நன்றாயிருக்கும்! நமது பழைய மாணவருள்ளே வழக்கறிஞரும் கணக்காளரும் பலர். மாதத்தில் ஒரு மாலைப்பொழுது கொடுத்தாற் போதும்.

இளைஞர்க்கு நான் கூறிய விடை இது: வெளிநாட்டு அன்பரின் பணத்தைத் தொடாது தனியே வைக்குக, செலவுக்குச் சீட்டு வைத்துக்கொள்க, உத்தரவாதக் கம்பனியாகப் பதிக, கல்வியையும் அறிவையும் வளர்த்தலே நோக்கமென எழுதுக. நோக்கப் பிரிவை நானே வரைந்து கொடுத்தேன். அதிகாரியின் மனம் இளகட்டும் என எண்ணி, “வறிய மாணவரின் பயன்பாட்டுக்காக” என்னும் தொடரை நடுவே இட்டிருந்தேன்.

அடுத்த கிழமை அத்தாள் திரும்பி வந்தபோது அத்தொடரின்மேல் மெல்லிய பென்சிற் கோடு ஒன்று இருந்தது. “ஐயா, மன்னிக்க வேண்டும். இது இருந்தால் எங்கள் உரிமத்துக்கு மாறாகும்” என்றார் நம் மாணவர். மற்றவர் தலையசைத்தார். அத்தொடரின்றியே படியெடுத்துக் கையொப்பத்துக்குக் கொடுத்தேன். விண்ணப்பம் போய்விட்டது, விடை இன்னும் வரவில்லை.